ஒடுக்கம், கூடுகை, உறவுப்பெயர்: திருநெல்வேலிச் சீமையில் குவேக்கர் மரபின் தடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பங்களும் அண்டை அயலாரும் வார இறுதியில் ஓரிடத்தில் கூடி, குருவின்றி, பெரும்பகுதி மௌனத்தில் கழிக்கும் ஒடுக்கக் கூடுகை குவேக்கர் மரபின் தனித்த வடிவங்களுள் ஒன்று. தென்தமிழ்நாட்டில் குவேக்கர் சபை வேரூன்றவில்லை. எனினும் அம்மரபின் கூறுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையைப் பிற வழிகளில் வந்தடைந்தன. கெசிக் கூடுகை, டோனாவூர் ஐக்கியம் ஆகியவற்றின் வழியே அவை வந்த தடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது; திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் மார்ஜோரி சைக்ஸின் பணியையும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்கிறது. குவேக்கர் சமத்துவம் பட்டங்களை நீக்குவதன் மூலம் வெளிப்பட்டது. தமிழ்ச் சூழலில் அதே நோக்கம் உறவுப்பெயர்களைச் சூட்டுவதன் மூலம் வெளிப்பட்டது என்பதும், அவ்வுறவுப்பெயர்களுக்குள்ளேயே புதிய படிநிலைகள் தங்கின என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: குவேக்கர், ஒடுக்கம், மௌன வழிபாடு, கெசிக், டோனாவூர், கிறிஸ்துகுல ஆசிரமம், உறவுப்பெயர், திருநெல்வேலி.

முன்னுரை

திருநெல்வேலிக் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எத்தனைபேர் திருமுழுக்குப் பெற்றனர், எத்தனை ஊர்களில் ஆலயம் எழுந்தது, எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன என்பனவே அதன் அடிப்படை வினாக்கள். மிஷன் அறிக்கைகளும் ஆலயப் பதிவேடுகளும் இவ்வினாக்களுக்கு விடைதரும் வகையில் ஆக்கப்பட்டவை. எனவே பதிவேட்டில் இடம்பெறாத சமய நடைமுறைகள் இவ்வரலாற்றில் எளிதில் விடுபட்டுவிடுகின்றன.

குவேக்கர் மரபு அவ்வாறு விடுபடக்கூடிய ஒன்று. அம்மரபில் நீரால் திருமுழுக்கு அளிக்கும் சடங்கு இல்லை. அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணைச் சடங்கும் இல்லை. குருப்பட்டம் பெற்றவரும் இல்லை. பெரும்பான்மைக் கிறித்தவ வரலாற்றியல் எவற்றை எண்ணுகிறதோ அவை எவையும் அங்கில்லை. அதனால் ஒரு வட்டாரத்தில் குவேக்கர் சபை இல்லை என்பதைக் கொண்டு, குவேக்கர் தாக்கமும் இல்லை என்று முடிவுசெய்வது பொருந்தாது. சபையாக வராத ஒன்று பழக்கமாக வந்திருக்கலாம்.

இந்நோக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கடையநல்லூர், சங்கரன்கோவில் முதல் களக்காடு வரை விரிந்த நிலப்பகுதியை மையமாகக் கொண்டு, 'ஒடுங்குதல்', 'கூடுதல்' என்னும் இரு செயல்கள் எவ்வாறு இணைந்தும் பிரிந்தும் நிகழ்ந்தன என இக்கட்டுரை காண்கிறது. வாழ்க்கை வரலாறுகள், நினைவுக் குறிப்புகள், சபை வரலாறுகள் ஆகியவற்றில் பரவலாக அறியப்பட்ட செய்திகளே இதற்கு ஆதாரம். அவற்றை வேறொரு கோணத்தில் அடுக்கிக் காண்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

1. குவேக்கர் ஒடுக்கக் கூடுகையின் அமைப்பு

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) தொடங்கிய இயக்கம் 'நண்பர்கள் சமயச் சங்கம்' எனப் பெயர்பெற்றது. 'குவேக்கர்', அதாவது 'நடுங்குவோர்' என்பது பிறர் ஏளனமாக இட்ட பெயர். பின்னர் அதுவே நிலைத்தது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறையொளி உண்டு, அதனை அடைய இடைத்தரகர் வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. 1652இல் ஃபாக்ஸ் வடமேற்கு இங்கிலாந்திற்குச் சென்றபோது மார்கரெட் ஃபெல் என்னும் பெண்மணியின் இல்லமான சுவார்த்மூர் மாளிகை இயக்கத்தின் தங்குமிடமாயிற்று. ஆலயம் அன்று, ஒரு குடும்பத்தின் வீடே இவ்வியக்கத்தின் முதல் மையம் என்பது இங்குக் கருதத்தக்கது.

குவேக்கர் வழிபாடு மௌனத்தில் நிகழ்வது. கூடியிருப்போர் வட்டமாகவோ எதிரெதிராகவோ அமர்கின்றனர். பாடல், மறையுரை, வாசகம் எதுவும் முன்கூட்டியே திட்டமிடப்படுவதில்லை. உள்ளிருந்து உந்தப்படுபவர் எழுந்து சில சொற்கள் பேசலாம். ஆணோ பெண்ணோ, முதியவரோ இளையவரோ வேறுபாடில்லை. அவர் அமர்ந்ததும் மீண்டும் மௌனம். இருவர் கைகுலுக்கிக்கொள்வதோடு வழிபாடு நிறைவுறும். சங்கத்தின் முடிவுகளும் வாக்கெடுப்பால் எடுக்கப்படுவதில்லை. கூட்டத்தின் ஒருமித்த மனநிலையை எழுத்தர் ஒருவர் உணர்ந்து குறிப்பாக எழுதிப் படித்துக் காட்ட, கூடியோர் அதை ஏற்கின்றனர் அல்லது திருத்துகின்றனர்.

இவ்வழிபாட்டையே ஓரிரு நாள்களுக்கு விரித்த வடிவமே வார இறுதி ஒடுக்கக் கூடுகை. வெள்ளி மாலை குடும்பங்கள் வந்து சேர்கின்றன. சனி, ஞாயிறு நாள்களில் மௌன வழிபாடு, சிறு குழுக்களில் அனுபவப் பகிர்வு, பொதுச் சமையல், பாத்திரம் கழுவுதல், தோட்டவேலை ஆகியவை மாறிமாறி நிகழ்கின்றன. குழந்தைகள் வழிபாட்டின் தொடக்கத்திலோ இறுதியிலோ கால் மணிநேரம் பெரியவர்களுடன் மௌனமாக அமர்கின்றனர். மீதி நேரம் தமக்குரிய விளையாட்டிலும் கைவேலையிலும் ஈடுபடுகின்றனர். சங்க உறுப்பினர் அல்லாத அண்டை அயலாரும் வரலாம். 1903இல் பர்மிங்காமில் ஜார்ஜ் காட்பரியின் முன்னாள் இல்லத்தில் தொடங்கப்பட்ட உட்புரூக் மையமும், 1930இல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட பெண்டில் ஹில் மையமும் இவ்வகைக் கூடுகைகளுக்குப் பெயர்பெற்றவை. வட்டமேசை மாநாட்டிற்காக 1931இல் இங்கிலாந்து சென்ற காந்தி உட்புரூக்கிற்கும் சென்றார்.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் உள்ளன: ஒடுங்குதலாகிய மௌனம், குருவின்றிக் கூடுதல், பட்டம் பதவி பாராச் சமத்துவம். இம்மூன்றும் குவேக்கர் மரபில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இவை தமிழ்நிலத்திற்கு வந்தபோது ஒன்றாக வரவில்லை. தனித்தனியே, வெவ்வேறு வழிகளில் வந்தன.

2. 'ஒடுக்கம்' என்னும் சொல்லும் வட்டாரப் பின்புலமும்

தற்காலத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் இவ்வகைக் கூடுகையைத் 'தியானம்', 'தியானக் கூட்டம்', 'ரிட்ரீட்' என்பர். கத்தோலிக்க மரபின் பழைய சொல் 'ஞான ஒடுக்கம்'. 'ஒடுக்கம்' சைவ மரபிலும் வழங்குவது. ஆதீனங்களில் குருமகா சந்நிதானம் தனித்திருக்கும் இடம் 'ஒடுக்கம்' எனப்படும். மனம் புறத்திலிருந்து மீண்டு உள்ளே அடங்குதல் என்பது இருவழக்கிற்கும் பொதுவான பொருள். இன்றைய அரசியல் வழக்கில் 'ஒடுக்குமுறை' என்பதன் நிழல் இச்சொல்மேல் விழுவதால் புதிய தலைமுறையினர் இதனைத் தவிர்க்கின்றனர். எனினும் தனித்திருத்தலையும் அடங்குதலையும் ஒருங்கே சுட்டுவதால் இக்கட்டுரை அதனையே கையாள்கிறது.

மௌனம் தமிழ்ச் சமய மரபிற்குப் புதிதன்று. மௌனகுருவைத் தம் ஆசிரியராகப் போற்றிய தாயுமானவர், 'சும்மா இருத்தல்' என்பதை ஆன்மிகத்தின் உச்சநிலையாகக் கொண்ட சைவச் சான்றோர் எனப் பலரைச் சுட்டலாம். கடையநல்லூரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள குற்றாலத்தில் மௌனசாமி மடம் உள்ளது. இப்பகுதி இசுலாமியரிடையே ரமலான் மாதத்தின் இறுதிப் பத்து நாள்களில் பள்ளிவாசலில் தங்கி உலகியலிலிருந்து விலகியிருக்கும் 'இஃதிகாஃப்' வழக்கம் உண்டு.

ஒடுங்குதலையும் கூடுதலையும் இணைத்துக் காட்டும் வட்டார நிகழ்வு சங்கரன்கோவில் ஆடித் தபசு. அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சிதர வேண்டிக் கோமதியம்மன் தனித்துத் தவம் இயற்றுகிறாள். அத்தவத்தின் பயனாகச் சங்கரநாராயணர் காட்சியளிக்கிறார். அதனைக் காணச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் திரளாகக் கூடுகின்றன. விளைபொருள்களைச் சூறைவிடுவதும் வழக்கம். இங்கு ஒடுங்குவது அம்மன், கூடுவது மக்கள். ஒடுக்கம் ஒருவருக்கும் கூடுகை எல்லாருக்கும் எனப் பிரிந்து நிற்கிறது. துறவி, மடத்தலைவர், இஃதிகாஃப் இருப்பவர் ஆகியோர் நிலையும் இத்தகையதே. குடும்பமே, குழந்தைகளோடு, ஒன்றாக ஒடுங்குவது என்பது இவற்றினின்று வேறான கருத்து. குவேக்கர் வடிவத்தின் புதுமை மௌனத்தில் இல்லை. மௌனத்தைக் குடும்பத்தின் பொதுச்செயலாக்கியதில்தான் உள்ளது.

3. கெசிக் வழியாக வந்த கூடுகை

இந்தியாவில் குவேக்கர் மிஷன் பணி வடக்கிலும் நடுவிலுமே நிலைபெற்றது. 1866இல் ரேச்சல் மெட்காஃப் காசிக்கு வந்தார். பின்னர் நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் பகுதி பிரிட்டானியக் குவேக்கர்களின் முதன்மைக் களமாயிற்று. தமிழகத்தில் அத்தகைய களம் அமையவில்லை. ஆயினும் திருநெல்வேலிக்கு ஒரு சுற்றுவழி இருந்தது.

1870களில் இங்கிலாந்தில் ஆன்மிக வாழ்வை ஆழப்படுத்துவதற்கான கூடுகைகள் சில நிகழ்ந்தன. அவற்றை முன்னெடுத்தவர்கள் அமெரிக்கரான ராபர்ட் பியர்சால் ஸ்மித்தும் அவர் மனைவி ஹன்னா விட்டால் ஸ்மித்தும். ஹன்னா ஃபிலடெல்ஃபியாவின் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1874இல் பிராட்லண்ட்ஸ் என்னும் பண்ணை மாளிகையில் விருந்தினர் பலர் சில நாள் தங்கி, மரநிழலில் கூடித் தியானித்தனர். இதன் தொடர்ச்சியாக 1875இல் கெசிக் ஊரில், ஆங்கிலிக்கன் குருவான ஹார்ஃபோர்ட்-பாட்டர்ஸ்பியும் ராபர்ட் வில்சனும் கூடாரம் அமைத்து ஒரு கூடுகையை நடத்தினர். அது ஆண்டுதோறும் நிகழும் கெசிக் கூடுகையாக வளர்ந்தது. ராபர்ட் வில்சன் குவேக்கர். சபை வேறுபாடு கடந்து எல்லாரும் ஒன்றே என்னும் கலாத்தியர் நிருபக் கருத்தைக் கூடுகையின் முழக்கமாக்கியதில் அவருக்குப் பங்குண்டு என்பர்.

கெசிக் வடிவம் உலகெங்கும் பரவியது. திருநெல்வேலியில் 1885 முதல் பணியாற்றிய சர்ச் மிஷனரி சங்கத்தின் தாமஸ் வாக்கர் இம்மரபில் ஊறியவர். கேரளத்தில் பம்பையாற்று மணற்பரப்பில் 1895இல் தொடங்கிய மாரமண் கூடுகையிலும் அவர் உரையாற்றியுள்ளார். இன்று தென்மாவட்டங்களில் 'கன்வென்ஷன்' என்று வழங்கும் பந்தல் கூட்டங்கள் இப்பரவலோடு தொடர்புடையவை.

இப்பயணத்தில் நேர்ந்த மாற்றம் கருதத்தக்கது. பிராட்லண்ட்ஸில் விருந்தினர் மரநிழலில் அமர்ந்தனர். கெசிக்கில் கூடாரம் வந்தது. கூடாரத்துடன் மேடையும் வந்தது. மேடை வந்தபின் பேசுபவர் வேறு, கேட்பவர் வேறு என்றாயிற்று. ஒலிபெருக்கி வந்தபின் மௌனத்திற்கு இடமே இல்லாமற்போயிற்று. சபை வேறுபாடு பாராமல் குடும்பத்தோடு கூடும் குவேக்கர் கூறு பந்தலில் நிலைத்தது. குருவின்றி ஒடுங்கும் கூறு உதிர்ந்தது. இதனைச் சீரழிவு என்று மட்டும் கொள்வதற்கில்லை. கேள்வியறிவும் இசையும் கூட்டு வாழ்வின் ஊடகங்களாக விளங்கிய சமூகத்தில் பாடலும் சொற்பெருக்கும் மேலோங்கியது இயல்பே. எழுத்தறிவு பெறாதோர்க்கும் சமயக் கல்வி அளித்த இடமாகப் பந்தல் இருந்தது.

4. டோனாவூரில் ஒடுக்கம்

பந்தலில் உதிர்ந்த மௌனக் கூறு அதே சீமையின் வேறொரு மூலையில் தங்கியது. ஏமி கார்மைக்கேல் (1867-1951) அயர்லாந்தில் பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை இழந்த அவரை, மனைவியையும் மகளையும் இழந்திருந்த ராபர்ட் வில்சன் 1890இல் வளர்ப்பு மகளாகத் தம் இல்லத்தில் ஏற்றார். அந்நன்றியால் ஏமி தம் தொடக்ககால நூல்களில் 'ஏமி வில்சன்-கார்மைக்கேல்' என்றே பெயரிட்டுக்கொண்டார். கெசிக் கூடுகையின் ஆதரவுடன் முதலில் ஜப்பான் சென்ற அவர், 1895இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு வாக்கர் தம்பதியரோடு திருநெல்வேலியை அடைந்தார். அதன்பின் இறக்கும்வரை தாயகம் திரும்பவில்லை.

கிராமங்களில் பெண்கள் குழுவோடு சுற்றிப் பணியாற்றிய அவரது வாழ்வு 1901இல் திசைமாறியது. கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படும் நிலையிலிருந்து தப்பிவந்ததாக அவர் எழுதும் ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலமானாள். தொடர்ந்து குழந்தைகள் பலர் வந்தனர். களக்காட்டிற்கு அருகிலுள்ள டோனாவூர் அவர்களுக்கு இல்லமாயிற்று. 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். ரேனியஸ் பணிக்குப் பொருளுதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த பழைய கிறித்தவக் குடியிருப்பு இது.

டோனாவூர் ஐக்கியம் குவேக்கர் நிறுவனமன்று. ஏமி எவாஞ்சலிக்கல் மரபினர், பாடல் எழுதியவர், திருமுழுக்கையும் நற்கருணையையும் ஏற்றவர். ஆயினும் வில்சன் இல்லத்து வாழ்வின் சாயலை டோனாவூரின் அமைப்பில் காண இடமுண்டு. மூன்று செய்திகள் இதற்குச் சான்றாகும்.

முதலாவது, மலைக்காடு. 1917இல் டோனாவூருக்கு மேற்கே மலைப்பகுதியில் ஒரு காட்டு நிலம் வாங்கப்பட்டது. கோடையில் குழந்தைகளும் ஊழியர்களும் குழுக்களாக அங்குச் சென்று தங்கினர். ஏமியின் நூல்களுள் ஒன்று இக்காட்டு வாழ்வை விவரிப்பது. மலைவாசத் தலங்கள் ஐரோப்பியரின் கோடை உறைவிடங்களாகவும் சமூகத் தகுதியின் அடையாளங்களாகவும் விளங்கிய காலம் அது. அக்காலத்தில் தமிழ்க் குழந்தைகளோடு சேர்ந்து, அருவிக்கரையில், நீச்சலும் கல் சுமத்தலும் தியானமுமாகக் கழிந்த நாள்கள் குடும்ப ஒடுக்கத்திற்கு மிக நெருங்கியவை. இரண்டாவது, 1927இல் கட்டப்பட்ட ஜெபவீடு. மருத்துவமனையை முழுமையாக எழுப்புவதற்கு முன்பே ஜெபவீட்டை எழுப்பியது முன்னுரிமையைக் காட்டுகிறது. மூன்றாவது, நன்கொடை திரட்டக் கூட்டம் நடத்தாமையும் ஊழியர்க்குச் சம்பளம் இல்லாமையும். விளம்பரத்தைத் தவிர்க்கும் இவ்வெளிமையை ஏமி பிற மிஷன் முன்னோடிகளிடமும் கற்றிருக்கலாம் எனினும், குவேக்கர் எளிமையோடு அது முரண்படவில்லை.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காண்கிறோம். இங்கிலாந்தில் இருந்த குடும்பங்கள் ஒடுங்குவதற்காக ஓரிடத்தில் கூடின. கூடுகை முடிந்ததும் வீடு திரும்பின. டோனாவூரில் திரும்பிச் செல்ல வீடற்றவர் கூடினர், கூடுகையே குடும்பமாயிற்று. பிறந்தநாள் அறியாக் குழந்தைகளுக்கு அவர்கள் இல்லத்திற்கு வந்துசேர்ந்த நாளே ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. இரத்த உறவின் நாட்காட்டிக்கு மாற்றாகக் கூடுகையின் நாட்காட்டி அமைந்தது.

இதன் மறுபக்கத்தையும் வரலாற்றாய்வு மறைத்தலாகாது. குழந்தைகளின் உரிமை குறித்து உறவினர் தொடுத்த வழக்குகளை ஏமி எதிர்கொண்டார். ஒரு குடும்பத்தை உருவாக்குதல் என்பது வேறொரு குடும்பத்திலிருந்து பிரித்தலும் ஆகும். கோயில் மரபுகள் குறித்த அவரது சித்திரிப்பு அக்கால மிஷன் பார்வையின் எல்லைக்குட்பட்டது என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

5. உறவுப்பெயர்களில் சமத்துவம்

தொடக்ககாலக் குவேக்கர்கள் சமத்துவத்தை மொழியில் நிலைநாட்டினர். அக்கால ஆங்கிலத்தில் மேலோரைப் பன்மையிலும் கீழோரை ஒருமையிலும் விளிக்கும் வழக்கம் இருந்தது. குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும்கூட ஒருமையிலேயே விளித்தனர். தொப்பியைக் கழற்ற மறுத்தனர். இதற்காகச் சிறையும் சென்றனர். பட்டங்களை விடுத்து ஒருவரையொருவர் பெயரிட்டே அழைத்தனர்.

இம்முறையைத் தமிழில் அவ்வாறே பின்பற்ற இயலாது. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் விளிகள் வயது, சாதி, நெருக்கம் ஆகியவற்றைச் சுமப்பவை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வயதில் மூத்தோராயினும் 'நீ' என விளிக்கப்பட்ட சமூகத்தில் எல்லாரையும் 'நீ' என்பது சமத்துவம் ஆகாது. பழைய இழிவின் தொடர்ச்சியாகவே அது கேட்கும். பெயரிட்டு அழைப்பதற்கும் இது பொருந்தும். ஆகவே தமிழில் சமத்துவத்தை நாடியவர்கள் எதிர்த்திசையில் சென்றனர். பட்டங்களை உரித்தெடுப்பதற்கு மாறாக, எல்லாருக்கும் உறவுப்பெயரைச் சூட்டினர்.

டோனாவூரில் ஏமி 'அம்மா' ஆனார். மூத்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'. ஐரோப்பியப் பெண்கள் 'சித்தி'. ஆண் ஊழியர்கள் 'அண்ணாச்சி'. 'துரை', 'துரைசாணி' என்பனவே ஐரோப்பியர்க்குரிய வழக்கமான விளிகளாக இருந்த காலத்தில் இது பெரிய விலகல். 'அண்ணாச்சி' என்னும் திருநெல்வேலி வட்டாரச் சொல்லை ஆங்கிலேயரும் ஏற்றது, மிஷன் வளாகத்தின் மொழியையே மாற்றியது.

ஆனால் உறவுப்பெயர்கள் நடுநிலையானவை அல்ல. தமிழ் உறவுமுறையில் அக்காள் தன் தலைமுறையைச் சேர்ந்தவள்; சித்தி தாயின் தலைமுறையைச் சேர்ந்தவள். தமிழ்ப்பெண் அக்காள், ஐரோப்பியப்பெண் சித்தி என்னும் பாகுபாட்டில் இனவேறுபாடு தலைமுறை வேறுபாடாக உருமாறியுள்ளது. வயதில் இளைய ஐரோப்பியப் பெண்ணும் முறையில் மூத்தவராகிறார். இப்பாகுபாடு திட்டமிட்டுச் செய்யப்பட்டது எனக் கருத வேண்டியதில்லை. அன்பின் மொழிக்குள்ளும் காலனியப் படிநிலை தன்னையறியாமல் குடிபுகும் என்பதற்கு இது சான்று. எல்லாருக்கும் மேலாக ஓர் 'அம்மா' இருக்கும் குடும்பத்தில், எழுத்தரின் குறிப்பைக் கூட்டம் திருத்தும் குவேக்கர் முறைக்கு வாய்ப்புக் குறைவு என்பதும் வெளிப்படை.

6. கிறிஸ்துகுல ஆசிரமம்: ஓர் ஒப்பீடு

1921இல் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசன் (1882-1969), எர்னஸ்ட் ஃபாரஸ்டர்-பேட்டன் (1891-1970) என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்தின் கம்பளிநூல் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் குவேக்கர் அல்லர். ஆயினும் போர் மறுப்பு, எளிய வாழ்வு, உடலுழைப்பு, சபைப்பிரிவு பாராமை ஆகியவற்றில் அவர்களது ஆசிரமம் குவேக்கர் சான்றுகளுக்கு நெருங்கி நின்றது. கதராடை, மரக்கறி உணவு, தென்னிந்தியக் கோயிற்கலை முறையிலமைந்த ஜெபாலயம் ஆகியவை அதன் அடையாளங்கள். கதரணிந்து சென்ற பேட்டன், அந்நியத்துணி மறியல் காலத்தில் சென்னையில் காவலரால் தாக்கப்பட்டதும், அது பிரிட்டானிய நாடாளுமன்றம்வரை பேசப்பட்டதும் அறியப்பட்ட செய்திகள்.

இங்கும் உறவுப்பெயர்களே வழங்கின. ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. டோனாவூரோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகும். அங்கு ஐரோப்பியர் ஒரு தலைமுறை மூத்தவர். இங்கு ஐரோப்பியர் தம்பி. இருவரும் ஒரே தலைமுறையில் நிற்க, முதன்மை தமிழருக்கு வழங்கப்பட்டது. ஏசுதாசனே வயதில் மூத்தவராதலால் இது இயல்பான வழக்கே எனலாம். ஆனால் மிஷன் அமைப்புகளில் வயது மூத்த இந்தியர், வயது இளைய ஐரோப்பியரின் கீழ்ப் பணியாற்றியதே நடைமுறையாக இருந்த காலத்தில், தமிழ் உறவுமுறையின் இயல்பை அப்படியே நடைமுறைப்படுத்தியதுதான் அதன் புரட்சித்தன்மை. உறவுப்பெயர் என்னும் ஒரே கருவி ஓரிடத்தில் படிநிலையைப் பேணியது. மற்றோரிடத்தில் அதனைக் கவிழ்த்தது.

7. மார்ஜோரி சைக்ஸும் 'மறக்கப்பட்ட நூற்றாண்டும்'

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய குவேக்கர் மார்ஜோரி சைக்ஸ் (1905-1995). கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் 1928இல் சென்னை வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார், தமிழ் கற்றார். 1930களில் குவேக்கர் சங்கத்தில் இணைந்தார். பின்னர் சாந்திநிகேதனில் தாகூரின் அருகிலும், சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியிலும் ஈடுபட்டார். சேவாகிராமப் பணிக்குப்பின் நீலகிரியின் கோத்தகிரியில் தங்கி, ஆசிரியர்களுக்கும் அமைதிப் பணியாளர்களுக்கும் சிறு குழுக்களாகப் பயிற்சியளித்தார். 1960களில் நாகாலாந்து அமைதி முயற்சியிலும் பங்கேற்றார்.

குவேக்கர் ஒடுக்கத்தின் மூன்று கூறுகளும் தமிழகத்தில் ஒருங்கே இணைந்து நின்றது கோத்தகிரியின் அச்சிறு குழுக்களிலேயே எனலாம். ஆனால் அங்குப் பயின்றவர் எவரும் குவேக்கராக மாற வேண்டும் என எதிர்பார்க்கப்படவில்லை. மதமாற்றத்தை நோக்காகக் கொள்ளாத இப்பணி மிஷன் வரலாற்றிலும் இடம்பெறவில்லை. கிறித்தவர் ஒருவரின் பணியாதலால் காந்திய இயக்க வரலாற்றின் மையத்திலும் இடம்பெறவில்லை. இந்தியக் குவேக்கர் குறித்துச் சைக்ஸ் 1980இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவ்வரலாற்றை 'மறக்கப்பட்ட நூற்றாண்டு' எனச் சுட்டுவது இந்நிலைக்கும் பொருந்துகிறது.

8. வார இறுதி யாருக்கு உரியது?

குடும்ப ஒடுக்கம் ஏன் பரவலாகவில்லை என்னும் வினாவிற்குச் சமயக் காரணங்களோடு பொருளியல் காரணமும் உண்டு. சனி, ஞாயிறு இரு நாளும் ஓய்வு என்னும் வார இறுதி ஆலைத்தொழிலும் அலுவலக வாழ்வும் உருவாக்கிய காலப்பகுப்பு. தறியில் அமர்ந்து நெய்தளவிற்குக் கூலிபெறும் நெசவாளர்க்கும், கட்டுக்கணக்கில் கூலிபெறும் பீடித்தொழிலாளர்க்கும், மழையை நோக்கியிருக்கும் கரிசல் உழவர்க்கும் அத்தகைய இருநாள் ஓய்வு இல்லை. கடையநல்லூர் போன்ற ஊரில் வாரத்தின் மையம் வெள்ளிக்கிழமைத் தொழுகை. அருகிலுள்ள கிறித்தவ ஊருக்கு ஞாயிறு. தறி நிற்கும் நாள் வேறாக இருக்கலாம்.

இப்பகுதி மக்கள் குடும்பத்தோடு கூடிய தருணங்கள் வேளாண் நாட்காட்டியை ஒட்டியவை. திருநெல்வேலித் திருச்சபைகளில் நிகழும் தோத்திரப் பண்டிகையும் அசனப் பண்டிகையும் இதற்குச் சான்று. அசனத்தில் ஊர் முழுவதும், பிற சமயத்தார் உட்பட, ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறது. சேர்ந்துண்ணுதல் சாதியால் தடுக்கப்பட்ட நிலத்தில் பந்தி ஒரு சமயச் செயல். அரசியல் செயலும் கூட. குவேக்கர் கூடுகையில் வட்டமாக இடப்பட்ட இருக்கை எதைச் சொல்கிறதோ, அதை இங்குத் தரையில் விரித்த பந்திப்பாய் சொல்கிறது. மௌனம் இல்லை, ஆனால் முன்வரிசை பின்வரிசை என்னும் பேதத்தை நீக்கும் நோக்கம் ஒன்றே.

அசனமும் குறைபாடற்றதன்று. ஒரே சாதியினர் பெரும்பான்மையாக வாழும் ஊரில் அசனப் பந்தியின் சமத்துவம் அவ்வூர் எல்லைக்குள் சுருங்கிவிடும். ஆயினும் விலை கொடுத்து மலையேறித் தங்கும் ஒடுக்கத்தைவிட, ஊர்நடுவே உலைவைக்கும் அசனம் உழைப்பாளர் குடும்பங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மௌனம், குருவற்ற கூடுகை, சமத்துவம் என்னும் மூன்று கூறுகளாலான குவேக்கர் ஒடுக்கக் கூடுகை திருநெல்வேலிச் சீமையை முழுமையாக அடையவில்லை. ராபர்ட் வில்சன் என்னும் ஒரே குவேக்கரிடமிருந்து இரு கிளைகள் வந்தன. கெசிக் வழிவந்த கிளை கூடுகையைப் பந்தலாக்கி மௌனத்தை இழந்தது. ஏமி கார்மைக்கேல் வழிவந்த கிளை ஒடுக்கத்தைக் காத்து, கூடுகையையே குடும்பமாக்கியது.

ஆங்கிலத்தில் பட்டம் நீக்கலாக வெளிப்பட்ட சமத்துவம் தமிழில் உறவுப்பெயர் சூட்டலாக மொழிமாறியது. அம்மாற்றம் டோனாவூரில் இனப் படிநிலையைத் தலைமுறைப் படிநிலையாக மறைத்தது. கிறிஸ்துகுல ஆசிரமத்தில் அதனைத் தலைகீழாக்கியது. எனவே உறவுப்பெயர் வழங்கியது என்பதைக் கொண்டே ஓர் அமைப்பைச் சமத்துவ அமைப்பு எனக் கொள்ள இயலாது. யார் யாருக்கு எம்முறை ஆயினர் என்பதே நோக்கத்தக்கது.

திருமுழுக்குப் பதிவேட்டை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்றியலுக்கு இம்மரபு புலப்படாது. விளிச்சொற்கள், தங்கிய இடங்கள், உண்ட பந்திகள், கொண்டாடிய நாள்கள் ஆகியவற்றையும் ஆதாரங்களாகக் கொள்ளும்போது, சபையாக நிலைபெறாத மரபுகளும் வரலாற்றில் இடம்பெறும். அசனப் பண்டிகை, கன்வென்ஷன், தியான இல்லம் ஆகியவற்றில் இன்றும் வழங்கும் விளிமுறைகளைக் களஆய்வின் மூலம் தொகுப்பின், இத்தடத்தை மேலும் தெளிவாக வரைய இயலும்.